பழைய டீசல் கார்: சொட்டும் டீசலை நிறுத்துவது எப்படி?

டீசல் ஊர்ந்து போகும். மேலே இன்ஜெக்டர் (சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சும் பாகம்) பக்கம் கசிந்தது பம்ப் மீது வழிந்து, என்ஜின் பிளாக்கின் அடிப்பக்கம் வந்துதான் சொட்டும். அதனால் சொட்டும் இடத்தை இறுக்கிப் பயனில்லை. ஈரம் தொடங்கும் மேல்முனையைத் தேட வேண்டும்.

ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, ஆறிய என்ஜின் மீது டிகிரீசர் அடித்து, பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். மூடிய பையை எடுத்துவிட்டு, சந்தேகமான இணைப்புகளில் டால்கம் பவுடரோ சாக்பீஸ் தூளோ லேசாகத் தூவி, என்ஜினைப் பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். தூள் முதலில் நனைகிற இடம்தான் கசிவு. விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். பழைய இன்ஜெக்டர்களே 100 பார் அழுத்தத்துக்கு மேல்தான் திறக்கும். அந்த அழுத்தத்தில் வரும் மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், போதும். இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள என்ஜின்களுக்கு. காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) என்றால் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அதில் ஓடும்போது எந்த யூனியனையும் (பைப்பை இணைக்கும் நட்டு) தளர்த்தக் கூடாது.

பெரும்பாலும் குற்றவாளி, இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஹோஸ்தான். இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும், நூல் பின்னிய அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெப்பத்தில் கல்லாகி வெடித்துவிடும். அதன் உள்விட்டம் பல கார்களில் 3.2 அல்லது 3.5 மி.மீ.; பழையதை அளந்து அதே அளவு வாங்குங்கள். ஒரு துண்டு போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான், மொத்தமாக மாற்றிவிடலாம். பழையதைப் பிடித்து ஆட்டி இழுத்தால் இன்ஜெக்டரின் ஸ்டப் (ஹோஸ் மாட்டும் சின்ன மூக்கு) உடையும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள், ஸ்டப்பில் கோடு விழாமல். புதியதை டீசலில் நனைத்து அடிவரை தள்ளினால் போதும், கிளிப் தேவையில்லை. கடைசி இன்ஜெக்டரின் அடைப்பு மூடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கசிவு மீண்டும் வருவது அங்கிருந்துதான்.

டேங்கிலிருந்து பம்ப் வரையிலான பகுதி வேறு விதம். தனி ஃபீட் பம்ப் இல்லாத கார்களில் இன்ஜெக்ஷன் பம்ப்பே டீசலை உறிஞ்சுவதால், ஓடும்போது அங்கே வெளியே ஒன்றும் ஒழுகாது. உள்ளே காற்று போகும். இரவு நிறுத்திய வண்டி காலையில் நீண்ட நேரம் சுற்றியபின் ஸ்டார்ட் ஆவது, ஐடில் தடுமாறுவது இதன் அறிகுறிகள். பம்ப்பின் இன்லெட்டில் ஒரு சாண் ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாக மாட்டுங்கள். குமிழிகள் ஓடினால் பின்னோக்கிப் போய் ஃபில்டர் சீல், ஹேண்ட் பிரைமர் (கையால் அழுத்தி டீசலை ஏற்றும் பம்ப்), ஹோஸ் முனைகள் என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு டீசலுக்கான ஹோஸ் போடுங்கள். தண்ணீருக்கான குழாய் டீசலில் ஊறினால் கெட்டுவிடும்.

இன்ஜெக்டர் பைப்பின் யூனியன் கசிந்தால், என்ஜினை நிறுத்தி நட்டை முழுதாகத் தளர்த்தி, கூம்பு முனையைத் துடைத்து, நேராக உட்கார வைத்து மீண்டும் இறுக்குங்கள். இறுக்கும் விசை (டார்க்) பல என்ஜின்களில் 25 நியூட்டன் மீட்டர் சுற்றி இருக்கும்; உங்கள் மேனுவலைப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்ற ஆசைதான் கூம்பை நசுக்குகிறது. பம்ப் பக்க நட்டைத் திருப்பும்போது, கீழே பம்ப்பில் உள்ள டெலிவரி வால்வ் ஹோல்டரை (பைப் வந்து சேரும் பாகம்) இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அதன் துணுக்கு இன்ஜெக்டரின் நாசிலை (பீய்ச்சும் முனை) அடைக்கும். பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் காணாமல் போயிருந்தால், அதிர்விலேயே பைப் விரிசல் விடும். விரிசல் விட்டதை வெல்டு வைக்காமல் மாற்றுங்கள்.

பேஞ்சோ போல்ட்டின் (டீசல் உள்ளே ஓடும்படி துளையிட்ட போல்ட்) காப்பர் வாஷர்களைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகப் போடுவது நல்லது. அவசரத்துக்குப் பழையதை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, ஆறவைத்து, மெல்லிய எமரியில் தேய்த்தால் செம்பு மறுபடி மென்மையாகும்.

பம்ப்பே கசிந்தால் எந்த சீல் என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் லீவரை ஆட்டும்போது கசிவு கூடினால் அதன் ஷாஃப்ட் ஓ-ரிங். மேல்மூடி கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றலாம். டிரைவ் ஷாஃப்ட் சீல் என்றால் பம்ப்பை இறக்கி டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) வைக்க வேண்டும். அனுபவமில்லாதவர் பம்ப் சர்வீஸ் கடைக்கே கொடுக்கட்டும். கியரில் ஓடும் பம்ப்பில் இந்த சீல் போனால் வெளியே ஈரமே தெரியாமல் டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கலாம். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் ஓட்டாதீர்கள். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபின் பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிவது வழக்கம். விட்டான் (டீசலைத் தாங்கும் ரப்பர்) சீல் கிட் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் ஏர் எடுக்க (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். பிரைமரைக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு இன்ஜெக்டர் யூனியன்களை அரைச் சுற்றுத் தளர்த்தி, முகத்தை விலக்கி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவே அரை நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். டைமிங் பெல்ட்டிலோ கூலன்ட் ஹோஸிலோ டீசல் ஊறியிருந்தால் துடைத்துவிட்டு விடக் கூடாது, மாற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் மீது சொட்டியிருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.