ரியர் நேக்கட் சோக்: பலத்தை விடுங்கள், முழங்கையைப் பாருங்கள்

ரியர் நேக்கட் சோக் என்பது எதிராளியின் பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி. ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தக் கலையைப் புதிதாகப் பழகுகிறவர்கள் பலரும் எதிராளியின் முதுகுக்குப் போனதும் கழுத்தில் கையைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு நெரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முன்கை மரத்துப்போகும், அவர் சாவகாசமாக உருவிக்கொண்டு போய்விடுவார். அழுத்த வேண்டியது குரல்வளையை இல்லை, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகளை. சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள்ளேயே ஆள் மயங்கிவிடலாம். 1993-இல் முதல் யூஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) இறுதிப் போட்டியை ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி முடித்தது இந்த சோக்கை வைத்துத்தான்.

முதலில் முதுகைப் பிடியுங்கள். இரண்டு கால்களும் அவர் தொடைகளுக்கு உள்பக்கம் கொக்கிபோல மாட்டி ஹூக் போட்டிருக்க வேண்டும். பாதங்களை முன்னால் பின்னிவிடாதீர்கள், கணுக்காலில் பூட்டு வாங்கி நீங்களே தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்ட வேண்டி வரும். ஒரு கை தோளுக்கு மேல், இன்னொன்று அக்குளுக்குக் கீழ், இரண்டையும் அவர் மார்பில் கோர்த்தால் சீட்பெல்ட் பிடி. மார்பும் முதுகும் ஒட்டியே இருக்கட்டும்.

அப்புறம்தான் நிஜமான வேலை, அதாவது கைச்சண்டை. நெரிக்கப் போகும் கையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்குவார். உங்கள் கீழ்க்கையால் அவருடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளி, முடிந்தால் காலைப் போட்டு அமுக்கிவிடுங்கள். இப்போது அவருக்கு ஒரே ஒரு கை. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போவது இந்தக் கட்டத்தைத்தான், சோக் கைநழுவுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

மேல்கையைத் தாடைக்கு அடியில் நுழைத்து, முழங்கை மடிப்பு தாடைக்கு நேர் கீழே வரும்வரை ஆழமாகக் கொண்டுபோங்கள். அந்த உள்ளங்கை உங்கள் மறு கையின் புஜத்தைப் பிடிக்கட்டும். மறு கை, தலை வாரப் போவதுபோல அவர் பின்தலைக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே நுழைய வேண்டும். வெளியே தெரிந்தால் பிய்த்துவிடுவார். கடைசியில் கையால் இறுக்காமல் நெஞ்சை விரித்து, முழங்கைகளைப் பின்னுக்கு இழுங்கள்.

பழகும்போது பூட்டிய நிலையிலிருந்தே ஆரம்பித்து மெதுவாக அழுத்துங்கள். தட்டினாலோ உடல் தளர்ந்தாலோ அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், இதில் விவாதமே இல்லை. ஒவ்வொரு தடவையும் எங்கே அழுத்துகிறது என்று கேளுங்கள். தொண்டை வலித்து இருமினால் முழங்கை நடுவிலிருந்து விலகியிருக்கிறது, தாடை வலித்தால் கை இன்னும் அடியில் போகவில்லை.