குழந்தையைத் தத்துக் கொடுக்கவிருக்கும் தாய்க்கு அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு: படிப்படியாக ஒரு விளக்கம்

என்னைச் சித்தி என்று அழைக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தன் வயிற்றில் வளரும் குழந்தையைப் பிறந்தவுடன் தத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருப்பதாக என்னிடம் வந்து சொன்னாள். அவள் அமெரிக்காவிலேயே பிறந்தவள். முந்தைய டிசம்பரில் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கடையில் மாதம் 1,900 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தத்து முகமைகள் தந்த கையேடுகளில் குழந்தையின் எதிர்காலம் பற்றிப் பல பக்கங்கள் இருந்தன. தாயின் பிரசவச் செலவை யார் கட்டுவது என்பதற்கு ஓரிரு வரிகளே இருந்தன. அந்த ஓரிரு வரிகளுக்குப் பின்னால் இருந்த வேலையை நாங்கள் இருவரும் ஐந்து மாதங்கள் அலைந்து முடித்தோம். இதே நிலையில் இருக்கும் வேறொரு பெண்ணுக்கோ, அவளுக்குத் துணை நிற்பவருக்கோ அந்த அலைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்குக் கிடைக்கும் காப்பீடு, அவள் கர்ப்பிணி என்பதால் கிடைப்பது. குழந்தையைத் தானே வளர்க்கப் போகிறாளா, தத்துக் கொடுக்கப் போகிறாளா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவள் மனம் மாறினாலும் காப்பீடு மாறாது. இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் அவள் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னாள்.

முதல் படி: கையில் இருக்கும் பாலிசியைப் படியுங்கள்

இருபத்தாறு வயது வரை பெற்றோரின் பாலிசியில் பிள்ளைகள் இருக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு வழங்கும் பாலிசிகள், ஊழியருக்கும் அவருடைய மனைவிக்கும் பிரசவச் செலவை ஏற்க 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடமைப்பட்டிருந்தாலும், ஊழியரின் மகளுடைய பிரசவத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கர்ப்பகாலப் பரிசோதனைகள் தடுப்பு மருத்துவத்தில் சேர்வதால் அவற்றுக்குப் பணம் கிடைத்துவிடும். அதைக் கண்டு பிரசவத்துக்கும் கிடைக்கும் என்று நம்பிவிடுவோம். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். நான்கைந்து பக்கச் சுருக்கத்தில் இந்த விவரம் தெளிவாக இருக்காது. ‘சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன்’ எனப்படும் முழு ஆவணத்தை எழுத்து மூலம் கேளுங்கள்; கேட்ட 30 நாட்களுக்குள் அதைத் தர வேண்டியது திட்ட நிர்வாகியின் கடமை. எங்களுக்கு வந்த ஆவணத்தில், சார்ந்திருக்கும் பிள்ளைகளின் பிரசவம் சேராது என்று தெளிவாக எழுதியிருந்தது.

இரண்டாம் படி: கடிதங்கள் எங்கே போகின்றன என்பதை மாற்றுங்கள்

ஒவ்வொரு மருத்துவச் செலவுக்கும் காப்பீட்டு நிறுவனம் ஒரு விளக்கக் கடிதம் அனுப்புகிறது, அது பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. முதல் ஸ்கேன் பற்றிய கடிதம் அவளுடைய அப்பாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தகப்பனுக்குத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்த செய்தியை ஒரு காகிதம் முந்திக்கொண்டது. அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். இந்தப் படியை இரண்டாவதாக வைத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

தகவல் வெளிப்பட்டால் தனக்குத் தீங்கு நேரலாம் என்று உறுப்பினர் எழுதிக் கொடுத்தால், கடிதங்களை வேறு முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பும்படி அவர் கேட்பதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும் என்று, மருத்துவத் தகவல்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ‘ஹிப்பா’ சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. இதற்கு ‘கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன்’ கோரிக்கை என்று பெயர். நிறுவனத்தின் இணையதளத்தில் படிவம் இருக்கும். கலிஃபோர்னியாவில் 2022 ஜூலை முதல், கர்ப்பம் போன்ற அந்தரங்கமான சிகிச்சைகளுக்கு, காரணம் கூறாமலேயே இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. முதல் மருத்துவச் சந்திப்புக்கு முன்பே இதைச் செய்து, ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை காத்திருங்கள். தொலைபேசியில் ‘சரி’ என்று சொன்னதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: மெடிக்கெய்ட் விண்ணப்பம்

எங்களை இரண்டு முறை வீழ்த்திய படி இது. ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

மெடிக்கெய்ட் என்பது குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. வேறு காப்பீடு இருந்தாலும் கர்ப்பிணி மெடிக்கெய்ட் பெறலாம். அப்போது தனியார் பாலிசி முதலில் பணம் கட்டும், மீதியை மெடிக்கெய்ட் ஏற்கும். வருமான வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது என்றாலும், கூட்டரசின் வறுமைக்கோட்டில் 138 விழுக்காட்டுக்குக் கீழே எந்த மாநிலமும் இறங்க முடியாது. பல மாநிலங்களில் வரம்பு 200 விழுக்காட்டையும் தாண்டுகிறது.

முதல் தவறு, குடும்ப எண்ணிக்கை. ‘உங்கள் வீட்டில் எத்தனை பேர்?’ என்ற இடத்தில் அவள் ‘1’ என்று எழுதினாள். குழந்தை தன்னுடன் இருக்கப் போவதில்லை என்பதால் அதைச் சேர்ப்பது பொய் சொல்வதாகும் என்று அவள் நினைத்தாள். அவளுடைய நேர்மை எனக்குப் புரிந்தது. ஆனால் விதி வேறு. கர்ப்பமாக இருக்கும் வரை வயிற்றில் உள்ள குழந்தையும் எண்ணிக்கையில் சேரும். இரட்டைக் குழந்தைகள் என்றால் அவளோடு சேர்த்து மூவர். 2025-இல் ஒருவருக்கான வறுமைக்கோடு ஆண்டுக்கு 15,650 டாலர், இருவருக்கு 21,150 டாலர். 138 விழுக்காடு என்று கணக்கிட்டால், ஒருவருக்கு மாதம் ஏறக்குறைய 1,800 டாலரும் இருவருக்கு ஏறக்குறைய 2,430 டாலரும் வரம்பாகின்றன. 1,900 டாலர் வாங்கும் பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்துவதும் உள்ளே விடுவதும் அந்த ஓர் எண்தான்.

இரண்டாவது தவறு அதைவிட ஆழமானது. ‘இந்த ஆண்டு வேறு யாராவது உங்களைத் தம் வரிக்கணக்கில் சார்ந்தவராகக் காட்டுவார்களா?’ என்ற கேள்விக்கு, இதுவரை அப்பாதானே காட்டி வந்திருக்கிறார் என்று நாங்கள் ‘ஆம்’ என்று குறித்தோம். அப்படிக் குறித்தவுடன் அவள் அப்பாவின் வரிக் குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறாள். அவருடைய முழுச் சம்பளமும் அவள் வருமானத்தோடு எண்ணப்படுகிறது. வருமானம் அதிகம் என்று மறுப்புக் கடிதம் வந்ததற்கு இதுவே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின.

உண்மையில் அந்தக் கேள்வி நடப்பு ஆண்டைப் பற்றியது, சென்ற ஆண்டைப் பற்றியது அன்று. பத்தொன்பது வயதைக் கடந்த பிள்ளையை, அவர் இருபத்துநான்கு வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவராக ஆண்டில் ஐந்து மாதங்களாவது இருந்தால்தான் பெற்றோர் வழக்கமான முறையில் சார்ந்தவராகக் காட்டலாம். மற்றொரு வழியில் காட்ட வேண்டுமானால், பிள்ளையின் ஆண்டு வருமானம் 2025-இல் 5,200 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவள் படிப்பை முந்தைய டிசம்பரிலேயே நிறுத்திவிட்டாள், வருமானமும் அதைவிடப் பன்மடங்கு. ஆகவே ‘இல்லை’ என்பதே சட்டப்படி சரியான விடை. கல்லூரியிலிருந்து விலகல் கடிதமும் கடைசி இரண்டு சம்பளச் சீட்டுகளும் இணைத்து மறுவிண்ணப்பம் செய்தோம், ஒப்புதல் வந்தது. அப்பாவின் காப்பீட்டில் இருப்பதற்கும் அவருடைய வரிக்கணக்கில் இருப்பதற்கும் தொடர்பில்லை என்பதால் பழைய பாலிசியும் தொடர்ந்தது.

மறுப்புக் கடிதம் வந்தால் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். விண்ணப்பத்தின் மீது 45 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டியது அலுவலகத்தின் பொறுப்பு.

விண்ணப்பத்தை எங்கே போடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூட்டரசின் காப்பீட்டுச் சந்தையான ‘ஹெல்த்கேர் டாட் கவ்’ தளத்தின் வழியாகப் போகாமல், மாநில மெடிக்கெய்ட் தளத்திலேயே நேரடியாகப் போடுங்கள்; அங்கிருந்து இங்கே கோப்பு மாறி வரும் நாட்கள் மிச்சமாகும். அதைவிடச் சிறந்தது, அரசு நிதி பெறும் சமூக மருத்துவ மையத்தில் இருக்கும் விண்ணப்ப உதவியாளர். தத்து முகமையின் ஊழியர் நிரப்பித் தருவதாகச் சொன்னால், நன்றி கூறி மறுத்துவிடுவதே நல்லது என்பேன். அவர்கள் தீயவர்கள் என்பதால் அன்று. தாயின் காப்பீடு தன் முடிவைச் சார்ந்தது என்ற எண்ணம் அவள் மனத்தில் கடுகளவும் விழக்கூடாது.

நான்காம் படி: மருத்துவமனையில் இரண்டு பில்கள்

பிரசவத்துக்கு ஒரு பில், குழந்தைக்குத் தனியாக ஒரு பில். தாய் மெடிக்கெய்டில் இருந்தால், குழந்தைக்குத் தனி விண்ணப்பம் இல்லாமலேயே ஒரு வயது வரை மெடிக்கெய்ட் உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, குழந்தை தாயுடன் வாழ வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வளர்ப்புப் பெற்றோர் தம் நிறுவனப் பாலிசியில் குழந்தையைச் சேர்க்க 30 நாட்கள் உண்டு. அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கிய பாலிசி என்றால் 60 நாட்கள். இந்தப் பொறுப்பு அவர்களுடையது. ஆனாலும் அவர்களுடைய வழக்கறிஞரிடமிருந்து எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை கைமாறிவிட்டது என்பதற்காகத் தாயைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. பிரசவத்தை ஏற்கும் தனியார் பாலிசிகள், சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரமும் அறுவைப் பிரசவத்துக்கு 96 மணி நேரமும் தாய் மருத்துவமனையில் தங்குவதை மறுக்கக்கூடாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஐந்தாம் படி: பிரசவத்துக்குப் பின்

முன்பு 60 நாட்களோடு முடிந்த மெடிக்கெய்ட், 2022 ஏப்ரல் முதல் 12 மாதங்கள் வரை நீட்டிக்கப்படலாம் என்று ஆனது. மிகப் பெரும்பாலான மாநிலங்கள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. இடையில் வருமானம் கூடினாலும் அது நிற்காது. பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கும்போதும், தையல் பிரிந்த இடத்தில் சீழ் பிடித்தபோதும், ஆறாவது வாரத்தில் படுக்கையை விட்டு எழவே மனமில்லாமல் கிடந்தபோதும் இந்தக் காப்பீடுதான் அவளை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. மனநல ஆலோசகரைத் தேட வேண்டிய நேரம் பிரசவத்துக்கு முன்பே. பிறகு தேடும் தெம்பு இருக்காது. தாய்மார்களுக்கான கூட்டரசின் மனநல உதவி எண் 1-833-852-6262; பகல் இரவு எந்நேரமும் அழைக்கலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் எழுதிக் கேட்டவற்றால் மூன்று விளக்கங்களைச் சேர்க்கிறேன்.

தெரியாமல் ஏற்கெனவே கட்டிவிட்ட பில்களை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவுகளையும் மெடிக்கெய்ட் பொதுவாக ஏற்கும். விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தைக் குறிக்க மறக்காதீர்கள். 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், 2027 ஜனவரி முதல் கர்ப்பிணிகளுக்கு இது இரண்டு மாதமாகக் குறைகிறது.

பசுமை அட்டை (கிரீன் கார்டு) பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகாத ஒரு பெண்ணுக்காக அவருடைய அக்கா எழுதியிருந்தார். மெடிக்கெய்ட் பெறப் பசுமை அட்டைதாரர்கள் பொதுவாகக் காத்திருக்க வேண்டிய அந்த ஐந்தாண்டைக் கர்ப்பிணிகளுக்குத் தளர்த்த 2009-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு இடம் தந்திருக்கிறது. உங்கள் மாநிலம் தளர்த்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உடனடியாக ஒப்புதல் தரும் தற்காலிக மெடிக்கெய்ட் கையில் இருப்பதால் முழு விண்ணப்பம் போடவில்லை என்று மற்றொருவர் எழுதியிருந்தார். அம்மா, இன்றைக்கே போடுங்கள். கர்ப்பிணிகளுக்கான அந்தத் தற்காலிக அட்டை வெளிநோயாளியாகப் பெறும் கர்ப்பகாலச் சிகிச்சைக்கு மட்டுமே. பிரசவச் செலவை அது ஏற்காது.