மதங்களப் பத்தி மனப்பாடம் பண்ணாம படிக்கிறது எப்படி?

உலக மதங்கள்னு பாடம் வந்தாலே யாரு ஆரம்பிச்சா, புனித நூல் எது, எந்த வருஷம்னு டேபிள் போட்டு உருப்போடாதீங்க, பரிட்சை முடிஞ்ச மறுநாளே காணாப்போயிடும். ஒரே கேள்விய கைல வெச்சுக்கோங்க: இதால ஜனங்களோட சோறு, கல்யாணம், சாதி, படிப்புல என்ன மாறுச்சு?

கடலூர்காரங்க பஸ் ஏறி வடலூர் போயிடுங்க. 1867ல வள்ளலார் ஏத்துன அடுப்பு தருமசாலைல இன்னும் அணையல, சாதி மதம் கேக்காம சோறு போடுறாங்க, பந்தில உக்காந்து சாப்புடும்போது பக்கத்து இலைல யாரு இருக்காங்கன்னு கவனிங்க, அதான் உங்க நோட்ஸ் (சாம்பாரப் பத்தி எழுத வேணாம்). அப்புறம் திருப்பாதிரிப்புலியூர், ஒரு காலத்துல பெரிய சமண மடம் இருந்த ஊரு, அப்பரே முதல்ல சமணர்தான், பின்னாடி சைவத்துக்கு வந்தாரு, ராஜா மதம் மாறுனா ஊரு எப்படி மாறும்னு இங்க புரியும்.

பாண்டில 1748ல பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்துல வேதபுரீஸ்வரர் கோயில இடிச்சத அவருக்கு துபாஷியா (மொழிபெயர்ப்பாளரா) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை டைரில எழுதியிருக்காரு. படிச்சா கோவம் வரும், வரட்டும், ஆனா அதிகாரம் யாரு கைல இருந்துச்சுன்னும் குறிச்சு வைங்க.

கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, வாசல்ல ஒரு வார்த்த கேட்டுட்டு உள்ள போங்க, போட்டோல்லாம் அப்புறம்.