வெள்ளிக் காசில் படிந்த வானவில்: நிறமேறிய நாணயத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளைத் திறந்தால், ஏழாம் எட்வர்ட் தலை பதித்த, பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரோ, ஆறாம் ஜார்ஜ் காலத்து மலாயா இருபது காசோ, ஊரிலிருந்து கப்பலேறி வந்த இந்திய வெள்ளி ரூபாயோ ஒன்றிரண்டு இன்றும் கிடைப்பதுண்டு. அவற்றில் பல பளிச்சென்று இருப்பதுதான் வருத்தத்துக்குரியது. தீபாவளிக்கு முன் குத்துவிளக்கையும் சொம்பையும் புளி போட்டுத் துலக்கும் கையோடு, வெள்ளிக் காசுகளையும் விபூதி தொட்டுத் தேய்த்து வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். பாத்திரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். நாணயத்தில் பல பத்தாண்டுகளாகப் படிந்த நிறமும், அந்த நிறத்துக்கு அடியில் இருந்த, அச்சடித்தபோது வந்த மினுமினுப்பும் அன்று காலையிலேயே போய்விடும்.

சேகரிப்பாளர்கள் டோனிங் என்று சொல்லும் இந்த நிறப்படிவை விரும்பிக் கூடுதல் விலை கொடுப்போரும் உண்டு. அழுக்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவுகோல் இருக்கிறது. நிறம் எத்தனை வண்ணமாக இருந்தாலும், அதற்கு அடியில் உலோகத்தின் ஒளி உயிரோடு இருந்தால்தான் அந்தக் காசு அழகானது. இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒளியைப் பார்க்கவும், அதன் மேல் கிடக்கும் நிறத்தைப் படிக்கவும் பழகுவதற்கானது.

முதல் படி: விளக்கும் கையும்

கூரையில் இருக்கும் குழல்விளக்கு உதவாது. அதன் ஒளி எல்லாப் பக்கமும் பரவி நிறத்தைச் சப்பென்று ஆக்கிவிடும். ஒற்றைக் குமிழ் பொருத்திய மேசைவிளக்கு, பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, மேசையில் விரிக்க மென்மையான துணி ஆகியவை போதும். நாணயத்தைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல்ரேகை முகப்பில் பட்டால், வியர்வையின் உப்பும் எண்ணெயும் சில மாதங்களில் பழுப்பு ரேகையாகவே பதிந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்காத நேரமே குறைவு என்பதால் இதில் சலுகை காட்ட முடியாது.

இரண்டாம் படி: நிறத்தை மறந்து ஒளியைத் தேடுதல்

அச்சு உலோகத்தை அழுத்தும்போது, வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச்செல்கிறது. புழக்கத்தில் தேயாத நாணயத்தை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துச் சுழற்றினால், அந்த வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளி விசிறிபோன்ற ஒரு பட்டையாக நாணயத்தைச் சுற்றி ஓடும். அந்தப் பட்டை நிறத்தின் ஊடாகவும் ஓட வேண்டும். நீலத்தின் மேல் ஓடும்போது நீலம் பற்றிக்கொண்டதுபோல் ஒளிர்ந்து, பட்டை கடந்ததும் மீண்டும் அடங்கினால், படலம் மெல்லியது, அடியில் உலோகம் நலமாக இருக்கிறது என்று பொருள்.

எப்படிச் சாய்த்தாலும் ஒரே மாதிரி மங்கலாக, வர்ணம் பூசிய தகரம்போலக் கிடந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் காசு முன்னரே தேய்த்துத் துலக்கப்பட்டு, பின்னர் மறுபடியும் நிறமேறியதாக இருக்கக்கூடும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் நிறத்துக்கு அடியில் தெரியும். விபூதியும் துணியும் விட்ட தடம் அது.

மூன்றாம் படி: நிறங்களின் வரிசையைப் படித்தல்

காற்றிலோ காகிதத்திலோ உள்ள கந்தகச் சேர்மங்கள், முக்கியமாக ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு என்னும் படலத்தை உண்டாக்குகின்றன. இந்தப் படலத்துக்கென்று நீலமோ சிவப்போ கிடையாது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதை ஊடுருவி அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, சில நிறங்கள் அடங்க, சில நிறங்கள் மேலெழுகின்றன. மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோலில் தெரியும் வண்ணங்களும் இவ்வாறே உண்டாகின்றன.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. படலத்தின் தடிமன் கூடக்கூட நிறம் ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பொன்னிறம், செம்பழுப்பு, கத்தரிப்பூ ஊதா, ஆழ்ந்த நீலம், வெளிர் நீலம். அதன்பின் வரிசை மீண்டும் மஞ்சளில் தொடங்கி இரண்டாம் சுற்று ஓடும். தெளிவான பச்சை பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் வரும். படலம் மேலும் தடித்தால் எல்லா நிறமும் அடங்கிக் கருப்பாகிவிடும். அந்த முற்றிய கருமையில் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கும் என்பதால், அதை நீக்கினாலும் பழைய ஒளி திரும்பாது.

ஆகவே பொன்னிறத்திலிருந்து ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து நீலத்துக்கும் படிப்படியாகக் கரையும் நாணயம் நம்பத்தக்கது. மஞ்சளை ஒட்டி, இடையில் எதுவும் இல்லாமல், சட்டென்று ஆழ்ந்த நீலம் நின்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

உலோகக் கலவையும் நிறத்தை மாற்றும். 1903, 1904ஆம் ஆண்டுகளின் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 900 நேர்த்தி வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. எடை ஏறத்தாழ 26.95 கிராம். 1919, 1920ஆம் ஆண்டுகளின் டாலரில் வெள்ளி சரிபாதிதான். மலாயா இருபது காசும் 1939இல் 750 நேர்த்தியாக இருந்து, 1943இல் 500 ஆகக் குறைந்து, 1948 முதல் வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல் ஆகிவிட்டது. செம்பு மிகுந்த கலவையில் பழுப்பும் சாம்பலும் சேர்ந்து நிறம் கலங்கும். தெளிந்த வானவில்லைத் தேடுவோர் உயர்நேர்த்தி வெள்ளியிலேயே தொடங்குவது நல்லது. வெண்கலக் காசுகளின் கதை வேறு. அங்கே அச்சடித்தபோது இருந்த சிவப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

நான்காம் படி: நிறம் எங்கே கிடக்கிறது என்று பார்த்தல்

நிறம் கிடக்கும் இடம், நாணயம் எங்கே கிடந்தது என்பதைச் சொல்லும். அட்டை ஆல்பத்தின் துளையில் பல்லாண்டு இருந்த காசில், அட்டையின் கந்தகம் விளிம்பிலிருந்து உள்ளே வந்திருக்கும்; அதனால் விளிம்பில் நீலம், அதற்குள் ஊதா, பிறகு பொன்னிறம், நடுவே வெறும் வெள்ளி என்று வளையங்கள் அமையும். அமெரிக்காவின் மோர்கன் டாலர்கள் என்னும் வெள்ளிக் காசுகள், ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டு, அரசுக் கருவூலத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து, 1960களின் தொடக்கத்தில் பெருமளவில் வெளிவந்தன. பையைத் தொட்டுக்கொண்டிருந்த காசுகளில் வானவில் படிந்தது. ஒன்றின் மேல் ஒன்று கிடந்த இடத்தில் பிறைவடிவ எல்லை விழுந்தது. சிலவற்றில் துணியின் நெசவே பதிந்தது. நிறமேறிய நாணயங்களில் உலகச் சந்தையே அதிகம் தேடுவது அவற்றைத்தான். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு நம் வீட்டில் இருந்தால், அதை அவிழ்த்ததும் துடைத்துவிடாமல், துணி பட்ட பக்கத்தை விளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள்.

இங்கே மிக நெருக்கமாகப் பார்க்க வேண்டிய ஒன்று, எழுத்துகளின் ஓரம். ஏழாம் எட்வர்ட் டாலரில், அரசரின் தலையைச் சுற்றி வரும் பெயரெழுத்துகளில் ஒன்றை உருப்பெருக்கிக்குள் கொண்டுவாருங்கள். இயல்பாக நிறமேறிய நாணயத்தில், களத்தில், அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத சமதளத்தில், பரவியிருக்கும் ஊதா, எழுத்தின் சுவரை நெருங்கும்போது சற்றே பின்வாங்கி, எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிர்க் கோடு விட்டிருப்பதைப் பல வேளைகளில் காணலாம். அச்சடிக்கும்போது உலோகம் அந்த இடத்தில் வேறு விதமாக வழிவதால், படலமும் அங்கே வேறு விதமாக வளர்கிறது. அவசரத்தில் செய்யப்படும் போலி நிறத்தில் இந்த நுணுக்கம் அரிது.

ஐந்தாம் படி: நாணயத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்தல்

உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி நாணயத்தை முழுதாகப் பாருங்கள். நிறம் உருவத்தைத் தூக்கிக் காட்டுகிறதா, மறைக்கிறதா? விளிம்பில் வளையமாக நின்று, நடுவே முகத்தை வெண்மையாக விட்ட நாணயம் சட்டமிட்ட படம்போல் தெரியும். கன்னத்தின் குறுக்கே திட்டாக விழுந்த கருநீலம், எத்தனை அரிதானாலும், கறையாகவே தெரியும். என் கணிப்பில், இரு பக்கமும் வண்ணமயமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் வானவில்லும் மறுபக்கம் அமைதியான பொன்னிறமும் கொண்ட காசு, இரு பக்கமும் கத்தும் காசைவிட நெடுநாள் சலிக்காது.

இது ரசனை சார்ந்தது என்றாலும், தரமிடும் நிறுவனங்களும் இதைக் கணக்கில் எடுக்கின்றன. 1987இல் தொடங்கிய என்ஜிசி, தன் தரத்துக்குள் கண்ணைக் கவரும் அழகு மிகுந்த நாணயங்களுக்கு தரத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடுகிறது. அதற்கு ஓராண்டு முன் தொடங்கிய பிசிஜிஎஸ், நிறம் ஐயத்துக்குரியது என்று கருதினால் எண் தரத்தையே மறுத்துவிடும்.

ஆறாம் படி: ஐயப்படுதல்

கந்தகக் கரைசலும் சூடும் இருந்தால், எவரும் ஒரு மாலைப்பொழுதில் வெள்ளியை நிறமாக்கிவிடலாம். அவ்வாறு செய்தவை பெரும்பாலும் அளவுக்கு மீறிய பளபளப்போடு, உயர்ந்த பகுதி, தாழ்ந்த பகுதி என்ற வேறுபாடின்றி, மேற்பரப்பில் மிதப்பதுபோல் இருக்கும். தேய்ந்து வழவழத்த காசில் வானவில் தெரிந்தால் ஐயம் இன்னும் கூட வேண்டும். கைப்பேசியில் பார்த்து வாங்குவோர், படத்தின் நிறச்செறிவு கூட்டப்பட்டிருக்கிறதா என்று அறிய, காசைப் பிடித்திருக்கும் விரலின் நிறத்தைக் கவனிக்கலாம். விரல் செக்கச்செவேலென்று இருந்தால் காசின் நிறத்தையும் நம்ப வேண்டாம். விளக்கின் கீழ் சாய்த்துக் காட்டும் காணொளி கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதில் இழப்பில்லை. நிறத்தை நீக்கிவிட்டு நினைத்துப் பார்த்தாலும் அந்தக் காசை வாங்குவோமா என்று கேட்டுக்கொண்டு, ஆம் என்றால் மட்டும் நிறத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஏழாம் படி: உள்ளதை அப்படியே வைத்தல்

நல்ல நிறம் வந்தபின் அதற்கு மேல் படலம் வளரவிடாமல் காப்பதே வேலை. நம் பகுதியில் இது கடினம். ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து எழும் வாயுவில் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு என்பதால், ஆலைக்கு அருகில் உள்ள வீடுகளில் வெள்ளி விரைவில் கறுத்தால் வியப்பில்லை. ரப்பர் வளையத்தால் காசுகளைக் கட்டி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம், வளையம் பட்ட இடத்தில் கருங்கோடாகப் பதியும். மெதுமெதுப்பான பிவிசி உறைகளும் ஆகா. அவை நாளடைவில் பச்சைப் பிசினாகக் கசிந்து உலோகத்தை அரிக்கும். தொடக்கநிலையில் உள்ள அந்தப் பிசினைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் நீக்கலாம்; அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் சாமிவிளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையிலோ, காசின் அளவுக்கேற்ற கடினமான ஒளிபுகும் நெகிழிக் கூட்டிலோ இட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சாம்பிராணிப் புகையும் சமையலறை ஆவியும் எட்டாத அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிடும் என்பதால், நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.