கியூ என்றால் வால்

மொரீசியஸில் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆட்டங்களில் பந்தைத் தட்டும் கோலை ஆங்கிலத்தில் ‘கியூ’ என்போம், பிரெஞ்சில் ‘கெ’ என்போம். இரண்டும் ஒரே சொல். பிரெஞ்சில் அதற்கு வால் என்று பொருள். கிரியோலில் நாயின் வாலைச் சொல்லும் ‘லாக்கே’கூட அதே வீட்டுப் பிள்ளைதான். வங்கியில் நாம் கால் கடுக்க நிற்கும் கியூவும் அப்படியே.

வால் எப்படிக் கோலானது? ஆதியில் ‘மேஸ்’ என்ற தலை பெருத்த கட்டையால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேசை விளிம்பை ஒட்டி நின்றால் அந்தத் தலை நுழையாது. கட்டையைத் திருப்பி வால் முனையால் தட்டினார்கள். வால் வசதியாக இருந்தது, தலை காலப்போக்கில் காணாமல் போனது. முனைக்குத் தோல் வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அந்தப் பெருமை பிரெஞ்சு கேப்டன் பிரான்சுவா மெங்கோவுக்குப் போகிறது.

முனை பந்தில் வழுக்கி ‘டிக்’ என்று சத்தம் வந்தால் ஆங்கிலத்தில் ‘மிஸ்கியூ’, பிரெஞ்சில் ‘ஃபோஸ் கெ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பொய் வால்! ஸ்னூக்கர் பந்தின் குறுக்களவு 52.5 மி.மீ. மையத்திலிருந்து சுமார் 13 மி.மீ.க்கு அப்பால் தொட்டால் வழுக்கும். அதற்குள் தொட்டும் வழுக்கினால் தோலைப் பாருங்கள். பளபளவென்று இறுகியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். முனையில் பூசும் சாக் கட்டியைக் குடைந்து திருகாமல், தூரிகைபோல் தடவுங்கள்.

தோல் தட்டையாகித் தேய்ந்துவிட்டால் மாற்றுங்கள். கடையில் பிரெஞ்சில் கேட்பதானால் ‘ப்ரோசெதே’. 9.5 மி.மீ. முனைக்கு 10 மி.மீ. தோல் வாங்குங்கள். பழையதைப் பிளேடால் எடுத்து, கோல் முனையிலுள்ள பித்தளை வளையத்தின் மேல் ஒட்டியிருக்கும் பசையைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். பெரும்பாலும் தோல் பிய்வது இந்த வேலையில் அவசரப்படுவதால்தான். புதுத் தோலின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, கெட்டியான சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து அழுத்துங்கள். அதிகம் வைத்தால் பசை தோலுக்குள் ஊறிக் கல்லாக்கிவிடும். ஓர் இரவு காயட்டும். மறுநாள் கோலைத் தலைகீழாக்கி, தோலைப் பலகையில் ஊன்றி, துருத்தும் விளிம்பை மேலிருந்து கீழாகச் சீவுங்கள். பிறகு கவிழ்த்த கிண்ணம்போல் உருட்டித் தேயுங்கள்.

கோலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள். மரம் வளைந்துவிடும்.