நீலகிரியில் கம்பளி கொடுக்கும் முன்

ஊட்டிப் பக்கம் நவம்பரில் உறைபனி தொடங்கிவிடும். அக்டோபர் கடைசிக்குள் கம்பளி கைக்குச் சேர வேண்டும். பொங்கலுக்குக் கொடுத்தால் பாதிக் குளிர் போயிருக்கும்.

முதலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு (வரிசை வீடுகளுக்கு)ப் போய், வீட்டுக்கு எத்தனை பேர், கைக்குழந்தை, முதியவர் உண்டா என்று எழுதுங்கள். சாதி, மதம், கட்சிக்குப் பட்டியலில் இடமில்லை. பழைய ஸ்வெட்டரைத் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே கட்டுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மலைக் குளிரில் பூசணம் பிடித்து மூட்டையே நாறும். ஜிப் போனதை அனுப்பாதீர்கள். அது தானமல்ல, குப்பை இடமாற்றம். பாலிதீன் உறைக்கு மாவட்டத்தில் தடை. சணல் கயிறு போதும். வரிசையில் நிறுத்தாமல், படமெடுக்காமல் வீட்டிலேயே கொடுங்கள்.

பணம் தருவோருக்கு: நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான் உண்டு. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் கிடையாது. வங்கி வழியே அனுப்பி, ரசீது வாங்குங்கள்.