டாப் பேட்மிண்டன் பிளேயர்ஸோட புரொஃபைல எப்படி படிக்கணும்?

ரேங்க் நம்பர மட்டும் பாத்துட்டு இவர்தான் பெஸ்ட்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த நம்பர் எப்படி வருதுன்னா, கடைசி 52 வாரத்துல ஆடின டோர்னமென்ட்ல அதிகமா பாயின்ட் கிடைச்ச 10ஐ மட்டும் கூட்டுவாங்க, சூப்பர் 1000ங்கற பெரிய லெவல் டோர்னமென்ட் ஜெயிச்சா 12,000 பாயின்ட், அதவிட சின்ன லெவலான சூப்பர் 300ன்னா 7,000 தான். அதனால காயம்பட்டு சில மாசம் ஆடாதவங்க எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் கீழ இறங்கிடுவாங்க. மொதல்ல எந்த டோர்னமென்ட்ல பாயின்ட் வந்திருக்குன்னு பாருங்க.

அடுத்து பெரிய மேட்ச். டென்மார்க்கோட விக்டர் அக்செல்சன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் தங்கம், பாரிஸ் ஃபைனல்ல தாய்லாந்து பிளேயர் குன்லாவுத்த 21-11, 21-11னு முடிச்சாரு. அந்த ஸ்கோரே அவர பத்தி பாதி சொல்லிடும்.

உயரத்தையும் ஆட்டத்தையும் சேத்து பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். அக்செல்சன் 194 செ.மீ., மேலேருந்து ஸ்மாஷ் (ஓங்கி கீழ அடிக்கற ஷாட்) இறங்கும். ஜப்பானோட அகானே யமகுச்சி 156 செ.மீ. தான், ஆனா கோர்ட் முழுக்க ஓடி ஓடி ஷட்டில எடுத்தே 2021, 2022, 2025னு மூணு தடவ உலக சாம்பியன் ஆயிட்டாங்க, அவங்க ஆட்டத்த பாக்காம விட்றாதீங்க! தென் கொரியா பிளேயர் ஆன் சே யங்கோட டிஃபென்ஸ கவனிங்க, எதிராளி டயர்டாகி தப்பு பண்ற வரைக்கும் ரேலிய இழுப்பாங்க.

கடைசியா இடது கையா வலது கையான்னு பாத்துக்கோங்க. ஸ்பெயினோட கரோலினா மரின் இடது கை, அதனால அவங்க கோர்ட்டுக்கு குறுக்கா அடிக்கற கிராஸ் ஸ்மாஷ் வர்ற ஆங்கிளே வேற.